முருகன் சூடிய காந்தள்



பத்துமலையில் 1892ஆம் ஆண்டு முதல் தைப்பூசம் கொண்டாடி வருகிறோம். நம் பிள்ளைகளுக்கு வேல் தெரியும், மயில் தெரியும், சேவற்கொடியும் தெரியும். முருகனுக்கு உரிய பூ எது என்று கேட்டால் மட்டும் விழிக்கிறார்கள். அந்தப் பூதான் செங்காந்தள்.

காந்தள் ஒரு கொடி. இலையின் நுனியே சுருண்டு, பக்கத்துச் செடியைப் பற்றிக்கொண்டு மேலே ஏறும். பூவுக்கு ஆறு இதழ்கள். முதலில் பச்சையாக இருக்கும். பிறகு மஞ்சளாகிக் கடைசியில் இரத்தச் சிவப்பாகும். மேல்நோக்கி வளைந்த இதழ்கள் விளக்குச் சுடர் போலவே இருக்கும். கார்த்திகை மழையில் பூப்பதால் கார்த்திகைப்பூ என்றும் பெயர். ஆறு இதழைக் கண்டு ஆறுமுகனை நினைப்பாரும் உண்டு. தமிழ்நாட்டின் மாநில மலரும் இதுவே.

சங்க காலத்தில் இது குறிஞ்சி நிலத்துப் பூ. குறிஞ்சிப்பாட்டில் 99 பூக்களை அடுக்கிச் சொல்லும் கபிலர், முதலில் சொல்வது செங்காந்தளையே. திருமுருகாற்றுப்படையில் நக்கீரர் முருகனின் தலையில் காந்தள் மாலையைச் சூட்டுகிறார். வண்டுகூட நெருங்காத பூவாம் அது!

அக்காலத்தில் ஒரு வீட்டுப் பெண் உடம்பு மெலிந்து, சோறு தண்ணி இறங்காமல் கிடந்தால் தாய் என்ன செய்வாள்? "முருகன் பிடிச்சிருக்கு" என்று சொல்லி வேலன் என்னும் பூசாரியைக் கூப்பிடுவாள். அவன் ஆட்டைப் பலியிட்டு, காந்தள் சூடிச் சாமியாடுவான். இதுதான் வெறியாட்டு. இதைப் பாடும் துறைக்கே தொல்காப்பியர் 'காந்தள்' என்று பெயர் வைத்தார்.

ஆனால், பெண்ணுக்கு வந்தது காதல் நோய் என்பது தோழிக்குத் தெரியும். நற்றிணையில் ஒரு தோழி முருகனையே கேட்கிறாள்: இது உன்னால் வந்த நோய் இல்லை என்று தெரிந்தும் பூசாரி அழைத்ததும் வந்துவிட்டாயே, கடவுளாக இருந்தும் உனக்கு விவரம் போதாதே என்று! அந்தப் பாட்டிலும் காந்தள் மாலை வருகிறது. சாமியைக் கும்பிட்ட அதே மக்கள்தான், நோயின் காரணத்தையும் கேட்டார்கள்.

இன்னொன்றையும் கேளுங்கள். இந்த அழகுக் கொடி முழுவதும் நஞ்சு. கிழங்கு மிகக் கொடியது. வள்ளிக்கிழங்கு என்று எண்ணித் தின்று இலங்கையில் உயிர்விட்டவர்கள் உண்டு. ஆனால் இதன் விதையில் உள்ள கோல்ச்சிசின் என்னும் பொருளை மருத்துவர் அளந்து கொடுத்தால், ஒருவகை மூட்டுவலிக்கு அது மருந்து. திண்டுக்கல், கரூர் வட்டாரங்களில் விதைக்காகவே இதைப் பயிரிடுகிறார்கள். ஆக, ஒரே கொடி அறியாதவன் கையில் எமன், அறிந்தவன் கையில் மருந்து.

பெற்றோர்களே! பிள்ளைக்குக் காய்ச்சல் கண்டால் திருநீறு பூசுங்கள். வேண்டாம் என்று சொல்லவில்லை. பூசிய கையோடு பிள்ளையைத் தூக்கிக்கொண்டு கிளினிக்குக்குப் போங்கள். நாளைக்குப் பார்க்கலாம் என்று இருந்துவிடாதீர்கள். அந்தத் தோழிக்கு இருந்த தெளிவு நமக்கும் வேண்டும். முருகன் கோபித்துக்கொள்ள மாட்டான்.