ஐம்பது பேருக்குத்தான் இடம்: ஒரு பட்டன் போனும் ராமேஸ்வரம் கடலும்

இன்னைக்கு எபிசோடை ஒரு கணக்கோட ஆரம்பிக்கலாம். உங்க போன்ல எத்தனை கான்டாக்ட் இருக்கு? ஐநூறு? ஆயிரம்? அதுல ஐம்பது பேரை மட்டும் வச்சுக்கிட்டு மீதியை அழிக்கச் சொன்னா யாரை வச்சுப்பீங்க?

இந்தக் கேள்விக்கு ஒரு தலைமுறையே பதில் சொல்லியிருக்கு. 2003-ல வந்த நோக்கியா 1100 போனோட நினைவகத்தில் ஐம்பது பெயர்களுக்குத்தான் இடம். உலகம் முழுக்கச் சுமார் 25 கோடி விற்ற போன் அது. டார்ச் லைட்டுக்காகத்தான் நாம அதை ஞாபகம் வச்சிருக்கோம். நான் இன்னைக்குப் பேசப்போறது அதுக்குள்ள இருந்த ரெண்டு சாதாரண வசதிகளைப் பத்தி: ஆட்களை ஞாபகம் வைக்கிற போன்புக், நாட்களை ஞாபகம் வைக்கிற காலண்டரும் ரிமைண்டரும். இது ரெண்டும் எவ்வளவு உதவுச்சுன்னு சென்னையில உக்காந்து மதிப்பிட்டா ஒரு பதில் வரும். ராமேஸ்வரம் தீவுல, கடலுக்குப் போற ஒருத்தர் கையில வச்சு மதிப்பிட்டா வேற பதில் வரும். அந்த ரெண்டாவது பதில்தான் எனக்கு முக்கியமாப் படுது.

முதல்ல, போன் எப்படி வந்துச்சு?

இந்தியாவின் முதல் மொபைல் அழைப்பு 1995 ஜூலை 31 அன்று நடந்தது. கல்கத்தாவில் இருந்து முதல்வர் ஜோதி பாசு பேச, டெல்லியில் தகவல் தொடர்பு அமைச்சர் சுக்ராம் எடுத்தார். அதுக்கப்புறம் பல வருஷம் மொபைல்ங்கிறது பணக்காரப் பொருள்தான். வர்ற காலுக்கும் காசு கட்டணும். 2002 அக்டோபர்ல பிஎஸ்என்எல் மொபைல் சேவையைத் தொடங்குச்சு. 2003 மே மாசம் இன்கமிங் இலவசமாச்சு. அதே வருஷம் 1100 வந்தது. இந்த மூணும் அடுத்தடுத்து நடந்ததாலதான் போன் கரைக்கு இறங்குச்சு. 2006-ல ஸ்ரீபெரும்புதூர்லயே நோக்கியா தொழிற்சாலை உற்பத்தியைத் தொடங்குச்சு. 2014 நவம்பர்ல அது மூடப்பட்டது தனிக் கதை, அதுக்கு இன்னொரு எபிசோடு வேணும்.

அதுக்கு முன்னாடி போன்புக் எங்க இருந்துச்சு? மஞ்சள் போர்டு போட்ட எஸ்டிடி பூத்துக்கு எடுத்துட்டுப் போற சின்ன நோட்டுல இருந்துச்சு. வீட்டுச் சுவர்ல கரிக்கட்டையால எழுதின நம்பர்ல இருந்துச்சு. அந்தச் சுவருக்கு ஒரு நல்ல குணம் உண்டு: வீட்டுல எல்லாருக்கும் அது தெரியும். இதைக் கொஞ்சம் ஞாபகம் வச்சுக்கோங்க, பின்னாடி தேவைப்படும்.

பதினாலு எழுத்துக்குள் ஒரு மனுஷன்

பழைய போன்ல பெயரைச் சேமிக்க ரெண்டு இடம். ஒண்ணு போனோட நினைவகம், இன்னொண்ணு சிம் கார்டு. சிம்ல பொதுவா 250 பெயர் வரைக்கும் வைக்கலாம். ஆனா ஒரு பெயருக்கு ஒரே ஒரு நம்பர்தான். நம்பர் 20 இலக்கம் வரைக்கும் போகலாம். பெயருக்கு இருந்த இடம் ரொம்பச் சின்னது, பல சிம்கள்ல 14 எழுத்து அளவுதான்.

ஆங்கில எழுத்துல ‘தங்கச்சிமடம்’னு எழுதிப் பாருங்க. இரட்டிக்காம எழுதினா சரியா 14 எழுத்து. ஊர் பெயரோட இடம் முடிஞ்சுபோச்சு. ஆள் பெயருக்கு எங்க போறது? சரி, தமிழ்ல எழுதலாம்னா நிலைமை இன்னும் மோசம். கணினிக்குத் தமிழ்ல ஒரு மெய்யும், ஒரு கொம்பும், ஒரு புள்ளியும் தனித்தனிக் குறி. நேரடியான முறையில் எழுதினா ஒவ்வொரு குறிக்கும் ஆங்கில எழுத்தைப் போல இரண்டு மடங்கு இடம் வேணும். அந்த 14 இடத்துல ஆறு குறிதான் அடங்கும். ‘தங்கச்சிமடம்’ வெறும் ‘தங்கச்’னு நின்னுபோகும். எஸ்எம்எஸ்லயும் இதே கதைதான்: ஆங்கிலத்துல 160 எழுத்து, தமிழ்ல 70.

இதனாலதான் தமிழ் ஆட்கள் எல்லாரும் போனுக்குள்ள ஆங்கில எழுத்துல போய் உக்காந்தாங்க. அங்க இன்னொரு சிக்கல். ல, ள, ழ மூணையும் ஆங்கிலத்துல எப்படிப் பிரிப்பீங்க? ஒவ்வொருத்தரும் ஒவ்வொரு மாதிரி எழுதுவாங்க. எழுதினவருக்கு மட்டும்தான் கண்டுபிடிக்கத் தெரியும்.

ராமேஸ்வரம் பக்கம் ஒரு ஊருக்குள்ள பத்து அந்தோணி இருப்பாங்க, பத்து முனியசாமி இருப்பாங்க. அதனால போன்புக்ல ஆள் பெயருக்குப் பின்னாடி ஒரு ஒட்டு வேணும். பாம்பன், ஓலைக்குடா, மண்டபம்னு ஊர் பெயர் வரும். இல்லைன்னா ஐஸ், டீசல், வலை, இன்ஜின்னு தொழில் வரும். நம்ம போன்ல ‘பிளம்பர் குமார்’, ‘ஆபீஸ் குமார்’ இருக்கிற மாதிரிதான். குடும்பப் பெயர் வைக்காத நாம, போன் கம்பெனி கேட்டதால ஆளுக்கு ஒரு பின்பெயர் வச்சோம். அந்தப் பின்பெயர், அந்த ஆள் நம்ம வாழ்க்கையில எந்த இடத்துல இருக்கார்னு சொல்லும். ஒருத்தரோட பொருளாதார வரலாறை எழுதணும்னா அவரோட பழைய போன்புக்கை விட நல்ல ஆவணம் கிடைக்காது.

இன்னொரு விஷயம். அந்தக் காலத்துல ஒரு போன் ஒரு ஆளுக்குன்னு இருக்கலை, ஒரு வீட்டுக்குன்னு இருந்துச்சு. இதைக் கவனிச்சு நோக்கியா 2007-ல 1200-ங்கிற மாடல்ல ஐந்து தனித்தனி போன்புக் வைக்கிற வசதியைக் கொடுத்துச்சு. அப்பாவுக்கு ஒண்ணு, அம்மாவுக்கு ஒண்ணு, அக்காவுக்கு ஒண்ணு. ஆடம்பரமே இல்லாத ஒரு போன்ல எனக்கு ரொம்பப் பிடிச்ச வசதி இதுதான். சுவர்ல எழுதின நம்பரோட குணம் கொஞ்சமாவது அதுல இருந்துச்சு.

நம்பர் இருந்தா போதுமா?

மீனவர் கையில மொபைல் கிடைச்சா என்ன ஆகும்ங்கிறதுக்கு ஒரு புகழ்பெற்ற ஆய்வு இருக்கு. பொருளாதார அறிஞர் ராபர்ட் ஜென்சன் 2007-ல வெளியிட்டது. 1997 முதல் 2001 வரை வடகேரளத்துல, காசர்கோடு, கண்ணூர், கோழிக்கோடு கரைகள்ல மத்தி மீன் விலையைப் பின்தொடர்ந்தார். போன் வர்றதுக்கு முன்னாடி ஒரு கரையில மீன் வாங்க ஆளில்லாம கடல்ல கொட்டுவாங்க, கொஞ்ச தூரத்துல இன்னொரு கரையில மீன் இல்லாம வியாபாரிங்க காத்திருப்பாங்க. டவர் வந்ததும் கடல்ல இருந்தே விலை கேட்டு, நல்ல விலை இருக்கிற கரைக்குப் படகைத் திருப்பினாங்க. வீணாகிறது ஏறக்குறைய நின்னுபோச்சு. மீனவர் லாபம் சராசரியா 8 சதவீதம் கூடுச்சு, வாங்குறவங்களுக்கு விலை 4 சதவீதம் குறைஞ்சுது.

கேட்க நல்லா இருக்கு. ஆனா 2013-ல ஜானகி சீனிவாசன், ஜென்னா பர்ரெல் ரெண்டு பேரும் கேரளக் கரைகளுக்குப் போய் மறுபடியும் விசாரிச்சப்போ ஒரு நுணுக்கம் வெளிவந்தது. படகுக்கோ வலைக்கோ ஒரு கமிஷன் ஏஜென்ட்கிட்ட முன்பணம் வாங்கியிருந்தா, மீனை அவர்கிட்டதான் கொண்டு போகணும். போன்ல இருபது வியாபாரி நம்பர் இருந்தாலும் கூப்பிடக்கூடியது ஒரே ஒரு நம்பர்தான். முன்பணம் வாங்கித் தொழில் பண்றது எங்கெல்லாம் இருக்கோ, அங்கெல்லாம் இதே கணக்குதான். கான்டாக்ட் லிஸ்ட் நமக்கு யாரைத் தெரியும்னு காட்டும். யாருக்குக் கடன்பட்டிருக்கோம்னு காட்டாது.

பிளஸ் 91

இப்போ ராமேஸ்வரத்துக்கே உரிய சிக்கலுக்கு வரேன். தனுஷ்கோடியில இருந்து தலைமன்னார் கடல்வழியா சுமார் 30 கிலோமீட்டர். ஒரு ஜிஎஸ்எம் டவரோட சிக்னல் கோட்பாட்டளவில் 35 கிலோமீட்டர் வரை எட்டும். ரெண்டையும் சேர்த்துப் பாருங்க. தனுஷ்கோடிக்குச் சுற்றுலா போனவங்களுக்கு இலங்கை நெட்வொர்க் பெயர் திரையில வந்த அனுபவம் இருக்கும். நமக்கு அது ஒரு ஸ்கிரீன்ஷாட், இன்ஸ்டாவுல ஒரு ஸ்டோரி.

பாக் நீரிணையில படகுல இருக்கிறவருக்கு அது வேற. போன் இலங்கை டவரைப் பிடிச்சிருக்கும்போது, பத்து இலக்கமா மட்டும் சேமிச்ச வீட்டு நம்பரை அழுத்தினா கால் போகாது, அந்த நாட்டு நம்பர்னு நினைச்சுக்கும். ‘+91’ சேர்த்துச் சேமிச்சிருந்தா மட்டும்தான், அதுவும் ரோமிங் இருந்தாத்தான், வீட்டுக்கு மணி அடிக்கும். 1974, 1976 ஒப்பந்தங்கள் கடல்ல போட்ட கோடு கண்ணுக்குத் தெரியாது. அந்தக் கோட்டோட ஒரு நுனி போன்புக்குக்குள்ள, அந்த பிளஸ் குறியில இருக்கு.

நேரத்துலயும் அந்தக் கோடு இருந்துச்சு. 1996-ல இலங்கை மின்சாரத்தை மிச்சம் பண்ண கடிகாரத்தை முன்னாடி தள்ளுச்சு. முதல்ல ஒரு மணி நேரம், சில மாசத்துல அரை மணி நேரம். 2006 ஏப்ரல்ல பழையபடி இந்திய நேரத்துக்கே வந்துச்சு. புலிகள் கட்டுப்பாட்டுல இருந்த பகுதிகள் அந்த மாற்றத்தை ஏற்காம பழைய நேரத்துலயே இருந்தன. ஒரே கடல், கரைக்குக் கரை வேற மணி. பத்து வருஷம் இப்படி.

தோத்துப்போன காலண்டர்

போன்புக் இவ்வளவு வேலை செஞ்சுது. காலண்டர்?

1100-ல முழுக் காலண்டரே கிடையாது. ரிமைண்டர் இருந்துச்சு: தேதி போட்டு, நேரம் போட்டு, ஒரு வரி எழுதி வைக்கலாம். இந்த எபிசோடுக்காக ஒரு பழைய 1100 வாங்கி, அதுல ஒரு மாசத்து வேலைகளை ஏத்திப் பார்த்தேன். ஒரே பட்டனை மூணு தடவை, நாலு தடவை அழுத்தி எழுதி முடிக்கிறதுக்குள்ள, சுவர்ல தொங்குற நாள்காட்டியில பேனாவால சுழிச்சுட்டு வந்திருக்கலாம்னு தோணுச்சு.

ஆனா காரணம் பட்டன் மட்டும் இல்லை. அந்தக் கரையோட நாட்கள் எப்படி ஓடுதுன்னு பாருங்க. விசைப்படகும் நாட்டுப்படகும் மோதிக்கிட்ட 1970-களோட தொடர்ச்சியா, ரெண்டு தரப்புக்கும் நாள் பிரிச்சுக் கொடுத்தாங்க. விசைப்படகுக்குத் திங்கள், புதன், சனி. மத்த நாலு நாள் நாட்டுப்படகுக்கு. போறதுக்கு முன்னாடி மீன்வளத் துறையில டோக்கன் வாங்கணும். ஏப்ரல் 15-ல இருந்து ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். 2001-ல இது 45 நாளாத் தொடங்கி, 2017-ல 61 ஆச்சு.

இதுவரைக்கும் போன் காலண்டர்ல ஏத்தலாம். இதுக்கு மேலதான் பிரச்சினை. அமாவாசையும் பௌர்ணமியும் வந்தா ஏற்ற இறக்கம் பெருசாகும், நீவாடு மாறும். நீவாடுன்னா கடலோட்டம். வாடைக் காத்தா, கச்சானா, சோழகமா, கொண்டலாங்கிறதைப் பொறுத்து எந்த வலை, எந்தப் பக்கம்னு முடிவாகும். ராமேஸ்வரம் ஊருக்குள்ளயும் இதே நிலாதான் ஆட்சி. ஆடி அமாவாசைக்கும் தை அமாவாசைக்கும் அக்னி தீர்த்தக் கரையில கால் வைக்க இடம் இருக்காது; கடைக்காரர், ஆட்டோக்காரர், லாட்ஜ்காரர் எல்லாருக்கும் வருஷத்தோட பெரிய நாட்கள் அவை. பட்டன் போனுக்கு ஜனவரியும் பிப்ரவரியும் தெரியும். நிலாவைத் தெரியாது.

அதனால தினசரி நாள்காட்டி சுவர்லயே இருந்துச்சு. போன்ல ஜெயிச்சது அலாரம். நோக்கியாவில போனை ஆஃப் பண்ணி வச்சாலும் அலாரம் அடிக்கும். விடியறதுக்கு முன்னாடி எழுந்திரிக்கணும், சார்ஜையும் மிச்சம் பண்ணணும்ங்கிறவங்களுக்கு அது போதும்.

கூண்டு சொல்ற சேதி

காலண்டரோட உண்மையான எல்லை இன்னொண்ணு. நமக்கு ஏற்கெனவே தெரிஞ்சதைத்தான் அது ஞாபகப்படுத்தும். கடல்ல உயிரைக் காப்பாத்துறது இன்னும் தெரியாத சேதி.

1964 டிசம்பர் 22 இரவு புயல் தனுஷ்கோடியை அழிச்சப்போ, பாம்பன்ல இருந்து போன பயணிகள் ரயில் அப்படியே அலையில போச்சு. 1,800-க்கும் மேற்பட்டவங்க இறந்ததா மதிப்பீடு. 2017 நவம்பர் இறுதியில ஒக்கி வந்தப்போ எல்லார் வீட்டுலயும் மொபைல் இருந்துச்சு. ஆனா குமரி மாவட்டத்து ஆழ்கடல் மீனவர்கள் பல நாள் முன்னாடியே கிளம்பி, எந்த டவரும் எட்டாத தூரத்துல இருந்தாங்க. நம்பர் இருந்துச்சு, மணி அடிக்கலை.

பாம்பன் துறைமுகத்துல இன்னமும் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏத்துறாங்க, 1-ல இருந்து 11 வரை. ஊரே பார்க்கிற மாதிரி உயரத்துல. அதோட இன்னைய வடிவங்களும் இருக்கு. எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் மீனவர்களுக்காகவே ஒரு மொபைல் செயலியைக் கொண்டுவந்தது. பாம்பன்ல 2016-ல இருந்து கடல் ஓசை எஃப்எம் 90.4-ல மீனவர்களுக்கான சமுதாய வானொலி நடக்குது. இவை எல்லாம் ஊருக்குப் பொதுவான காலண்டர்.

என் தீர்ப்பு

பட்டன் போனோட போன்புக்குக்கு நான் நல்ல மார்க் போடுவேன், ஒரு பெரிய குறையோட. போன் போனா மொத்தமும் போகும். நடுக்கடல்ல ஒரு படகு பிடிபட்டா, போனும் அதோட போகும். ஐஸ் கம்பெனி நம்பர், படகு ஓனர் நம்பர், கூடப் போனவங்க வீட்டு நம்பர் எல்லாம் அதுலதான். கரையில காத்திருக்கிற மனைவிக்கு அடுத்து யாரைக் கூப்பிடணும்னு தெரியாது. முன்னாடி அது சுவர்ல இருந்துச்சு.

நம்ம நிலைமையும் அதேதான். உங்களுக்கு எத்தனை நம்பர் மனப்பாடமா தெரியும்? இந்த எபிசோடு முடிஞ்சதும் ஒரு காரியம் பண்ணுங்க. அஞ்சு நம்பரை, முன்னாடி +91 போட்டு, ஒரு தாள்ல எழுதி வீட்டுல எல்லார் கண்ணுலயும் படுற இடத்துல ஒட்டுங்க. கடலோரத்துல இருக்கீங்கன்னா ஆறாவதா 1554-ஐ எழுதிக்கோங்க, கடலோரக் காவல் படையோட மீட்பு உதவி எண் அது.

அடுத்த எபிசோடுல சந்திப்போம்.