கண்டியில் எழுந்த நாவலும் எங்கள் வீதியும்

ஈழத்துத் தமிழ் நாவல்களுள் முதலாவதென்று இலக்கிய சரித்திரக்காரர் குறிக்கும் ‘அசன்பேயுடைய சரித்திரம்’ 1885இல் வெளிவந்தது. அதனை இயற்றிய சித்திலெப்பை அவர்கள், எங்கள் ஊராகிய பலாபத்வலயிலிருந்து மாத்தளையைக் கடந்தால் எட்டிவிடக்கூடிய கண்டியிலே வாழ்ந்த வழக்கறிஞர். ஆகவே, கோப்பித் தோட்டங்களின் மத்தியிலே பிறந்த அந்நூலில் நம் மலைகளும் மனிதரும் எங்கேனும் தென்படுவர் என்னும் ஆவலோடு அதைக் கையிலெடுக்கும் இவ்வூர் வாசகன் ஏமாந்துதான் போவான். எகிப்தியப் பிரபு ஒருவரின் மைந்தன் குழந்தைப் பருவத்திலேயே கடத்தப்பட்டு, பம்பாயில் வளர்ந்து, கல்கத்தாவை அடைந்து, ஆபத்துக்கள் பலவற்றைத் தாண்டி ஈற்றிலே தன் குலத்தோடு சேர்வதே கதை. தற்செயற் சந்திப்புக்கள் மிகுதி, உபதேசமும் மிகுதி. கதாநாயகனிடத்தில் ஒரு குறையேனும் இருந்திருந்தால் அவன்மேல் நமக்குச் சற்றே கூடுதலான அன்பு பிறந்திருக்கும்.

ஆயினும் ஆசிரியரைக் குறைகூற மனம் வரவில்லை. 1882இல் ‘முஸ்லிம் நேசன்’ பத்திரிகையைத் தொடங்கி, தம் சமூகத்தார் நவீனக் கல்வியில் பின்தங்கியதை எண்ணி ஓயாது உழைத்த அவருக்கு, மறு வருஷமே ஆங்கிலேயரால் இலங்கைக்கு நாடு கடத்தப்பட்ட எகிப்தியத் தலைவர் அறபி பாஷாவின் சிநேகம் கிட்டியது. அத்தகையவரின் கற்பனை எகிப்தை நோக்கிச் சென்றதில் வியப்பென்ன?

எங்கள் வீதியின் கதையோ வேறு. மன்னார்க் கரையில் இறங்கிய தமிழகத்துக் கூலிமக்கள், கங்காணிமாரின் பின்னே காடுகளினூடாக நடந்து, காய்ச்சலுக்கும் பேதிக்கும் பலரைப் பலிகொடுத்து, தம்புள்ளை, நாலந்தை வழியாக மாத்தளையை நோக்கி வந்த பாதை இதுவே. 1880இல் மாத்தளைக்குப் புகையிரதம் வந்தது; அது கண்டியிலிருந்து வந்தமையால், வடக்கிலிருந்து நடந்து வந்தவர்களுக்கு அதனால் வந்த ஆறுதல் சொற்பமே.

கோப்பித் தோட்டங்களை நாடி வந்த இம்மக்களின் உலகைத் தமிழிலே முன்னரே பாடியவர் ஒருவர் உளர். ஆபிரகாம் ஜோசப் என்பார் இயற்றிய ‘கோப்பிக் கிருஷிக் கும்மி’ 1869இல் அச்சேறியது. கோப்பிப் பயிரை மாய்க்க வந்த இலைநோய் இலங்கையில் முதன்முதற் கண்டறியப்பட்டதும் அதே வருஷம் என்பது விதியின் பரிகாசம்! நாவல் உருவிலே அம்மக்களின் வாழ்வைக் காண வேண்டுமாயின், கோகிலம் சுப்பையா அவர்களின் ‘தூரத்துப் பச்சை’ வெளிவந்த 1964 வரை வரவேண்டும். ஊரை விட்டுக் கங்காணியின் வார்த்தையை நம்பிப் புறப்பட்டவர்கள் தோட்டத்து லயத்திலே என்ன ஆனார்கள் என்பதை அந்நூல் எடுத்துரைக்கிறது.

ஆதலால் அடுத்து வாசிக்க எடுக்கத்தக்கது ‘தூரத்துப் பச்சை’யே என்பது என் தீர்மானம். கும்மி கிடைத்தால் அதையும் உடன்வைத்து வாசிக்கலாம். காலமுறைப்படி வாசிப்பதே சாஸ்திரம் என்னும் நண்பர்கள் 1879இல் வந்த வேதநாயகம் பிள்ளையின் ‘பிரதாப முதலியார் சரித்திர’த்தைப் பரிந்துரைப்பர். நல்ல நூல்தான், நகைச்சுவைக்கும் குறைவில்லை. எனினும் உபதேசத்தின் மேல் உபதேசம் ஜீரணமாகாது; அதனை மார்கழி மழைக்கு ஒத்திவைக்கலாம்.