மா ஓயா வற்றிய வருடம்

நம்மூர் சொந்தங்களே, இது கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையாக வாசியுங்கள். கல் வியாபாரத்துக்காக ஆபிரிக்கா போய் வருகிற யாராவது உங்கள் குடும்பத்தில் இருந்தால் அவருக்கும் அனுப்பி விடுங்கள்.

மலேரியா என்றதும் பிள்ளைகள் அநுராதபுரத்தையும் பொலன்னறுவையையும்தான் சொல்வார்கள். ஆனால் இந்த நாடு கண்ட மிகப் பெரிய மலேரியாக் கொள்ளைநோய் மிக மோசமாகத் தாக்கியது நமது கேகாலை மாவட்டத்தையும் பக்கத்துக் குருநாகலையும்தான். அது 1934-35இல் நடந்தது.

1934இல் தென்மேல் பருவமழை பொய்த்தது. வழமையாகப் புரண்டோடும் மா ஓயா, மணல் திட்டுகளுக்கு இடையே சிறு சிறு குட்டைகளாகத் தேங்கியது. மலேரியாவைப் பரப்பும் அனோபிலிஸ் கியூலிசிபேசிஸ் நுளம்பு சாக்கடையில் முட்டையிடுவதில்லை. வெயில் படுகிற தெளிந்த நீர்தான் அதற்குத் தேவை. ஆறு ஓடினால் குடம்பிகள் அடித்துச் செல்லப்படும். அந்த வருடம் ஆறு ஓடவில்லை. களனி கங்கை, தெதுரு ஓயா கரைகளிலும் இதே கதைதான்.

ஒக்டோபர், நவம்பரில் காய்ச்சல் பரவத் தொடங்கியது. 1935 முடிவதற்குள் இறந்தவர்கள் ஏறத்தாழ 80,000 பேர். அன்று நாட்டின் மொத்த சனத்தொகையே சுமார் 55 இலட்சம்தான். இறந்தவர்களில் பெரும்பகுதி குழந்தைகள்.

வருடாவருடம் மலேரியா வந்த வரண்ட பிரதேசத்தை விட, எப்போதாவது மட்டும் வந்த நம் பக்கத்தில் ஏன் இத்தனை மரணம்? அங்குள்ளவர்களின் உடம்புக்கு அந்த நோய் பழகிப்போயிருந்தது. நம்மவர்களுக்கு அந்த எதிர்ப்புச் சக்தி இல்லை. அத்தோடு உலகப் பொருளாதார மந்தத்தால் தேங்காயும் இறப்பரும் விலை போகாமல், மக்கள் ஏற்கனவே பட்டினியில் கிடந்தார்கள். நிவாரணத்துக்கு வந்த சூரியமல் இயக்கத்து இளைஞர்கள் மருந்தோடு உணவும் கொண்டு வந்தது அதனால்தான். வைத்தியர் எஸ்.ஏ. விக்கிரமசிங்கவும் என்.எம். பெரேராவும் அதில் முன்னின்றார்கள். 1936இல் ருவன்வெல்லை மக்கள் என்.எம். பெரேராவை அரசாங்க சபைக்கு அனுப்பினார்கள்.

பிறகு டிடிடி வந்தது. 1963இல் நாடு முழுவதும் 17 நோயாளிகள்தான். நோய் போய்விட்டது என்று மருந்தடிப்பைக் கைவிட்டார்கள். 1969இல் அது 5 இலட்சத்தைத் தாண்டியது. மறுபடி பல பத்தாண்டு உழைப்பு. உள்ளூரில் தொற்றிய கடைசி நோயாளி 2012 ஒக்டோபரில் பதிவானார். 2016 செப்டெம்பரில் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா அற்ற நாடாக அறிவித்தது.

சந்தோஷம்தான். ஆனால் 1934இல் நம் மாவட்டம் நின்ற இடத்தில் இன்று முழு நாடும் நிற்கிறது. நுளம்பு இருக்கிறது, எதிர்ப்புச் சக்தி இல்லை. வெளியிலிருந்து கிருமி வந்தால் போதும். 2018 டிசம்பரில் மொனராகலை மாவட்டத்தில், வெளிநாட்டுத் தொழிலாளி ஒருவரிடமிருந்து நுளம்பு வழியாக உள்ளூர்வாசி ஒருவருக்கு நோய் தொற்றியது. உடனே கண்டுபிடித்ததால் அதோடு நின்றது.

சப்ரகமுவவிலிருந்து மடகாஸ்கருக்கும் மொசாம்பிக்குக்கும் மாணிக்கக்கல் தேடிப் போகிறவர்கள் இருக்கிறார்கள். ஆராய்ச்சிக்கும் அமைதிப்படைக்கும் போகிறவர்களும் உண்டு. அவர்களுக்கு நான்கு விஷயங்கள்:

1. நாரஹேன்பிட்டியில் உள்ள மலேரியா தடை இயக்கத்தில் தடுப்பு மாத்திரை இலவசம். கடைசி நேரத்தில் போகாமல், பயணத்துக்கு இரண்டு வாரத்துக்கு முன்பே போங்கள்.

2. திரும்பி வந்ததும் மாத்திரையை நிறுத்தாதீர்கள். வைத்தியர் சொன்ன நாள் வரை குடியுங்கள்.

3. இந்த நுளம்பு கடிப்பது பொழுது பட்டதிலிருந்து விடியும் வரை. நுளம்பு வலைக்குள் தூங்குங்கள்.

4. வந்து ஒரு வருடத்துக்குள் காய்ச்சல் வந்தால், "நான் ஆபிரிக்கா போய் வந்தேன்" என்று வைத்தியரிடம் முதலில் சொல்லுங்கள். இப்போது காய்ச்சல் என்றதும் எல்லோருக்கும் டெங்குதான் ஞாபகம் வரும். டெங்குப் பரிசோதனையில் மலேரியா தெரியாது. ஆபிரிக்காவில் அதிகம் காணப்படும் மலேரியா சில நாட்களிலேயே உயிரை எடுக்கக்கூடியது. நேரத்தோடு கண்டுபிடித்தால் சுகப்படுத்தலாம்.

நம் பழைய பாலத்தடியில் ஆறு குட்டையாகத் தேங்கும் வருடங்கள் இன்னும் வரத்தான் செய்யும். அந்த நேரத்தில் கிருமியும் ஊருக்குள் வந்து சேராமல் பார்த்துக்கொள்வது நம் கையில் இருக்கிறது.