ஏம்பலம் கோயிலின் இரண்டாவது கதவு

ரொம்ப முன்னேறின தொழில்நுட்பம் மாயாஜாலம் மாதிரி இருக்கும்னு ஆர்தர் சி. கிளார்க் சொன்ன விதி, நம்ம ஆபீஸ் ஸ்லைடுகள்ல அடிக்கடி வரும். எனக்கு அது பெருமையாப் படல. மந்திரம்னா பார்க்கிறவங்களுக்குப் புரியக்கூடாது, தெரிஞ்சவர் சொல்லித் தரவும் கூடாது. இதுக்கு நேர் எதிரா ஒரு வேலை புதுச்சேரி கிராமங்கள்ல நடந்துச்சு.

1998-ல எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் வில்லியனூரை மையமா வச்சு, சுத்தியிருந்த கிராமங்கள்ல தகவல் மையங்கள் தொடங்குச்சு. பண உதவி கனடாவோட ஐ.டி.ஆர்.சி. போன் லைனை நம்ப முடியாது, அதனால வி.எச்.எஃப். ரேடியோ. கரண்டையும் நம்ப முடியாது, அதனால சோலார். நடத்தினது ஊர்க்காரங்களே. அதுல நிறைய பேர் பெண்கள். அவங்க ஆங்கில கீபோர்டுலயே தமிழ் டைப் பண்ணக் கத்துக்கிட்டாங்க.

இடத்தை ஊர்தான் தரணும், ஆனா எல்லாச் சாதியினரும் உள்ளே வரணும். இதுதான் நிபந்தனை. வில்லியனூருக்குத் தெற்கே ஏம்பலத்துல கிடைச்ச இடம், ஒரு பழைய கோயில் கட்டடம். கோயில் கதவு வழியா தலித்துகளும் மாதவிலக்கான பெண்களும் போக முடியாது. கம்ப்யூட்டர் அறைக்குத் தனிக் கதவு, அதுல யாரும் போகலாம். முதல் கதவு அப்படியே இருந்துச்சேன்னு கேட்பீங்க. கேட்க வேண்டியதுதான். ஆனா நிபந்தனை மட்டும் இல்லேன்னா, கம்ப்யூட்டரும் அந்த முதல் கதவுக்குப் பின்னாலதான் போயிருக்கும்னு நினைக்கிறேன். ஹார்டுவேர் என்னவோ ஒண்ணுதான்.

கடலோரத்துல வேற தேவை. அமெரிக்கக் கடற்படையோட இணையதளத்துல வர்ற அலை உயரக் கணிப்பை டவுன்லோடு பண்ணி, வீராம்பட்டினத்துல ஒலிபெருக்கில தமிழ்ல வாசிப்பாங்க. மீனவர்கள் கேட்டுட்டு, போகலாமா வேண்டாமான்னு முடிவு பண்ணுவாங்க. செயற்கைக்கோள், கணிப்பு மாடல், இன்டர்நெட் எல்லாம் தாண்டி, கடைசியா வேலை செஞ்சது கோயில் திருவிழாவுல கட்டுற அதே குழாய் ஸ்பீக்கர்!

தவளக்குப்பத்துக்குக் கிழக்கே நல்லவாடு. அங்கேயும் இந்த மையம் இருந்துச்சு. 2004 டிசம்பர் 26 காலையில, சிங்கப்பூர்ல வேலை பார்த்த அந்த ஊர்க்காரர் ஒருத்தர் சுனாமிச் செய்தி கேட்டு வீட்டுக்குப் போன் பண்ணார். தண்ணி ஊருக்குள்ள வர ஆரம்பிச்சிருந்துச்சு. ஒலிபெருக்கி இருந்த இடம் பூட்டிக் கிடந்ததால கதவை உடைச்சு, ஓடுங்கன்னு அறிவிச்சாங்க. வீடுகளும் படகுகளும் போச்சு. 3,600-க்கும் மேற்பட்ட மக்கள் பிழைச்சாங்க.

எச்சரிக்கை கொடுத்தது எந்த சர்வரும் இல்ல, ஒரு போன் கால். ஆனா தினமும் கடல் நிலவரம் சொன்ன குரல் அதுங்கிறதாலதான் மக்கள் நம்பி ஓடினாங்கன்னு தோணுது.

2007 அக்டோபர்ல ஐதராபாத்துல இன்காய்ஸ் நிறுவனத்துல சுனாமி எச்சரிக்கை மையம் வந்துச்சு. கடல் நிலவரம் இப்ப போனுக்கே வருது. இருந்தாலும் டிசைன் ரிவியூல உட்காரும்போது, ஸ்பெக்குல இல்லாத ஒரு கேள்வியை நான் கேட்டுடுவேன்: விடுமுறை நாள் காலையில சாவி யார்கிட்ட இருக்கும்?