கலைப்பட்டமும் அரச நியமனமும்: இலங்கை அனுபவம் பற்றிய ஒரு மீளாய்வு

கலைப்பீடத்தில் படித்தவர்களுக்கு வேலை கிடைப்பதில்லை என்ற முறைப்பாடு இலங்கையில் அரை நூற்றாண்டுக்கும் மேலாக ஒலித்து வருகிறது. அதற்கு இரண்டு பதில்கள் வழக்கமாக முன்வைக்கப்படுகின்றன. பாடத்திட்டம் சந்தைக்குப் பொருந்தவில்லை என்பது அரசும் தொழில்வழங்குநரும் சொல்வது. வரலாறும் இலக்கியமும் மெய்யியலும் சிந்தனையைக் கூர்மையாக்குகின்றன, அதை மதிக்கத் தெரியாதது சந்தையின் குறை என்பது கலைப்பீடத்தார் சொல்வது. எதிரெதிர்த் திசையில் நின்றாலும், இரு தரப்பும் பட்டத்தின் தொழில்மதிப்பைப் பாடத்துக்குள்ளேயே தேடுகின்றன. வேலைக்கு ஆளெடுப்போர் எதைச் சோதித்து ஆளெடுக்கிறார்கள் என்பதே அம்மதிப்பைப் பெரிதும் தீர்மானிக்கிறது என்பதும், அச்சோதனையின் தன்மை வகுப்பறைக்குள் திரும்பிவந்து கற்றலையும் மாற்றிவிடுகிறது என்பதும் இக்கட்டுரையின் வாதம்.

1. கோட்பாட்டுப் பின்புலம்

கல்விக்கும் ஊதியத்துக்கும் உள்ள தொடர்பைப் பொருளியல் இரு வழிகளில் விளக்குகிறது. கேரி பெக்கர் 1964இல் விரித்துரைத்த மனித மூலதனக் கோட்பாட்டின்படி, கல்வி ஒருவரது உற்பத்தித்திறனை உயர்த்துகிறது. கூடுதல் ஊதியம் அதன் பலன். மைக்கேல் ஸ்பென்ஸ் 1973இல் வேறொரு விளக்கம் தந்தார். விண்ணப்பதாரரின் திறமையை முதலாளியால் நேரில் காண முடியாது. ஆகவே பட்டம் ஒரு சமிக்ஞையாக அமைகிறது. கற்றது வேலைக்குப் பயன்படாவிட்டாலும் சமிக்ஞைக்கு விலை உண்டு.

ரொனால்ட் டோர் 1976இல் வெளியிட்ட ‘டிப்ளோமா நோய்’ என்ற பொருள்படும் தலைப்பைக் கொண்ட நூல் இவ்விரண்டையும் வரலாற்றோடு பொருத்தியது. இங்கிலாந்து, ஜப்பான், இலங்கை, கென்யா ஆகிய நாடுகளை ஒப்பிட்ட அவர், நவீனமயமாதலில் பிந்தி இறங்கும் நாடுகளில் கல்விச் சான்றிதழ் வேலைக்கு ஆள் பிரிக்கும் கருவியாக மேலும் இறுக்கமாகப் பயன்படுகிறது என்றார். ஒரே வேலைக்குக் கேட்கப்படும் தகுதி ஆண்டுக்கு ஆண்டு உயர, படிப்பு பரீட்சைக்கான மனனமாகச் சுருங்குகிறது. டோரின் பகுப்பாய்வில் இன்னும் விரித்துப் பார்க்க வேண்டியது ஒன்று உண்டு. ஆள் பிரிக்கும் கருவிகள் எல்லாம் ஒரே வகையின அல்ல. அவற்றில் சில தோற்றவரிடமும் ஏதோவொன்றை விட்டுச்செல்கின்றன, சில எதையும் விடுவதில்லை.

2. போட்டிப் பரீட்சையின் காலம்

இந்திய சிவில் சேவைக்குப் போட்டிப் பரீட்சை வழியே ஆளெடுக்க 1854இல் மக்காலே தலைமையிலான குழு பரிந்துரைத்தது. ஆங்கில மொழி, இலக்கியம், வரலாறு ஆகியவற்றுக்குச் சேர்த்து 1500 புள்ளிகளும், கிரேக்கத்துக்கும் லத்தீனுக்கும் தலா 750 புள்ளிகளும் அது ஒதுக்கியது. நிலவரி நிருவாகமோ சட்டநடைமுறையோ நுழைவுப் பரீட்சையில் முதன்மை பெறவில்லை. தெரிவானபின் அவற்றைக் கற்றால் போதும் எனக் கருதப்பட்டது. குழு சொன்ன காரணம் கவனத்துக்குரியது. பரீட்சை, பல்கலைக்கழகப் பொதுக்கல்வியை ஒட்டியே அமைய வேண்டும். அப்போதுதான் தோற்றவரும் தாம் செலவிட்ட உழைப்புக்காக வருந்த நேராது. வேறு எந்தத் தொழிலுக்குப் போனாலும் அவர் கற்றது அவருக்கு உதவும்.

அந்த ஏற்பாடு வர்க்கச் சார்பானது, காலனித்துவ நோக்குடையது. பணம் படைத்தோரின் பிள்ளைகளே அந்தப் பரீட்சையின் வாசலை எட்ட முடிந்தது. ஆயினும் இலங்கை சிவில் சேவையும் பின்பற்றிய அதன் உள்ளமைப்பு இலங்கைக் கலைப்பட்டத்தின் முதற்கட்ட மதிப்பை விளக்குகிறது. 1921இல் தொடங்கிய கொழும்புப் பல்கலைக்கழகக் கல்லூரி, லண்டன் பல்கலைக்கழகத்தின் வெளிவாரிப் பட்டங்களுக்கு மாணவரைத் தயார்செய்தது. 1942இல் ஐவர் ஜெனிங்ஸைத் துணைவேந்தராகக் கொண்டு இலங்கைப் பல்கலைக்கழகம் உருவாயிற்று. 1952இல் அது பேராதனையில் நிலைகொண்டது. வரலாறோ செம்மொழிகளோ சிறப்புப் பாடமாகப் படித்த சிலர் சிவில் சேவைக்குப் போயினர்; ஏனையோர் பாடசாலை, பத்திரிகை, சட்டம், வர்த்தகம் என்று பிரிந்தனர். ஆங்கிலவழிப் பட்டம் பெற்றவர் மிகச் சிலரே. படித்தது எதுவாயினும் அதற்குக் கிராக்கி இருந்தது. கலைப்பட்டத்தின் பொற்காலமாக நினைவுகூரப்படும் அக்காலத்தின் ஒளியில் பாடத்தின் பங்கு எவ்வளவு, அருமையின் பங்கு எவ்வளவு என்பதைப் பிரித்தறிவது கடினம்.

3. விரிவும் நெருக்கடியும்

1945இல் நடைமுறைக்கு வந்த இலவசக் கல்வியும் அதைத் தொடர்ந்த சுயமொழிக் கல்வியும் உயர்கல்வியின் சமூக அடித்தளத்தை மாற்றின. 1959இல் வித்தியோதய, வித்தியாலங்கார பல்கலைக்கழகங்கள் தோன்றின. 1960களில் சுயமொழியில் கலை பயின்றோர் தொகை வேகமாகப் பெருகியது. ஆய்வுகூடம் வேண்டாத கலைப்பீடத்தை விரிப்பதே அரசுக்கு மலிவான வழியாயிற்று. இதே காலத்தில், 1963இல், சிவில் சேவை கலைக்கப்பட்டு நிர்வாக சேவை அமைந்தது. ஆங்கிலத்திலேயே இயங்கிய தனியார்துறை, சுயமொழிப் பட்டதாரியை உள்ளே எடுக்கவில்லை. வாசல்களில் அகலமானது அரச உத்தியோகம் மட்டுமே. பட்டதாரிகள் பெருகிய அளவுக்கு அதில் இடங்கள் பெருகவில்லை.

1971 ஏப்ரல் கிளர்ச்சியில் படித்த கிராமப்புற இளைஞர் பெருமளவில் பங்கேற்றமை இந்நெருக்கடியை உலகறியச் செய்தது. டட்லி சியர்ஸ் தலைமையிலான சர்வதேச தொழிலாளர் அமைப்பின் குழு அதே ஆண்டில் அளித்த அறிக்கை, கல்வி வளர்க்கும் எதிர்பார்ப்புக்கும் பொருளாதாரம் தரும் வேலைக்கும் இடையிலான பொருத்தமின்மையைச் சுட்டியது. அறிக்கையின் கவனம் வேலைகளின் கட்டமைப்பிலும் ஊதிய வேறுபாட்டிலும் இருந்தது. கொள்கையாளரின் கையோ பாடத்திட்டத்தின் மேல் விழுந்தது. 1972இன் பாடசாலைச் சீர்திருத்தம் தொழில்முன்னிலைக் கல்வியைப் புகுத்தியது. பல்கலைக்கழகங்களில் தொழில்நோக்குக் கற்கைநெறிகள் வந்தன. 1977இல் ஆட்சி மாறியதும் பாடசாலைச் சீர்திருத்தம் பெரும்பாலும் கைவிடப்பட்டது. ஆளெடுக்கும் முறையைத் தொடாமல் பாடத்தை மட்டும் திருத்தியதே இதன் அடிப்படைப் பலவீனம்.

திறந்த பொருளாதாரம் வந்த பின்பும் நிலை பெரிதாக மாறவில்லை. வங்கிகளும் பெரிய நிறுவனங்களும் உயர்தரத்தோடு ஆங்கிலமும் கணக்கியற் சான்றிதழும் உள்ள இளைஞரை இருபது வயதுக்குள்ளேயே எடுத்துத் தாமே பயிற்றுவிக்கத் தொடங்கின. நான்கு ஆண்டு கழித்துத் தமிழிலோ சிங்களத்திலோ கற்ற பட்டத்துடன் வருபவர் அங்கே ஏற்கெனவே பிந்தியவர்.

4. வரிசையில் நிற்கும் பட்டம்

போராட்டங்களின் அழுத்தத்தில் அரசு கண்ட வழி, பட்டதாரிகளைத் தொகுதி தொகுதியாக உள்வாங்குவது. 2017இல் யாழ்ப்பாண மாவட்டச் செயலகத்தின் முன் வேலையற்ற பட்டதாரிகள் மாதக்கணக்கில் அமர்ந்திருந்தது இந்த நீண்ட வரலாற்றின் ஒரு கட்டம். 2020இல் அரசு ஐம்பதினாயிரம் பட்டதாரிகளை மாதம் 20,000 ரூபாய் கொடுப்பனவோடு பயிலுநராக எடுக்க முன்வந்தது. இத்தகைய திட்டங்களில் உள்வாங்கப்பட்டவர்களில் பலர் அபிவிருத்தி உத்தியோகத்தர் என்ற பதவிப்பெயரோடு பிரதேச செயலகங்களில் அமர்த்தப்பட்டனர். ஏற்கெனவே ஆட்கள் இருக்கும் அலுவலகத்தில் இவர்களுக்கு வரையறுத்த பணி எப்போதும் இருப்பதில்லை.

இவ்வகை நியமனத்தில் என்ன சோதிக்கப்படுகிறது என்பதே நமது கேள்வி. குறித்த திகதிக்கு முன் பட்டம் பெற்றிருத்தல் முதன்மைத் தகுதி. எந்தப் பாடம், எத்தனை ஆழம், என்ன எழுதத் தெரியும் என்பவை பின்தள்ளப்படுகின்றன. 2020இல் ஊழியர் சேமலாப நிதியில் பெயர் இருந்த பட்டதாரிகள் முதலில் விலக்கப்பட்டு, மேன்முறையீடு செய்ய நேர்ந்தது. தனியார் நிறுவனமொன்றில் சிறிது காலம் உழைத்த அனுபவம் தகுதியாகாமல் தடையாயிற்று. சும்மா இருந்து காத்திருந்தவருக்கே முதலிடம் என்ற செய்தி இதன்வழி இளையோருக்குப் போய்ச்சேர்ந்தது.

இச்செய்தியை மாணவர் நன்றாகவே வாசிக்கின்றனர். விரிவுரைக் குறிப்பையும் கடந்த ஆண்டு வினாக்களையும் மனனம் செய்து சித்தியடைவது சோம்பலின் அடையாளம் எனக் குறைகூறுவது எளிது. பட்டம் என்ற தாளே நியமனத்துக்குப் போதுமானால், அதற்கு மேற்பட்ட உழைப்பு பொருளியல் கணக்கில் வீண். வாசலில் கேட்கப்படாத திறனை வகுப்பறையில் தேடுபவர் தம் சொந்த ஆர்வத்தால் மட்டுமே தேடுகிறார்.

5. தெரிவு என்ற மாயை

கலைப்பட்டம் பெறுவோர் அதை விரும்பித் தேர்ந்தவர்கள் என்ற அனுமானமும் பிழையானது. உயர்தர விஞ்ஞானப் பிரிவு 1ஏபி வகைப் பாடசாலைகளிலேயே உண்டு. அவை நாட்டின் அரச பாடசாலைகளில் ஏறத்தாழப் பத்தில் ஒன்று. 1சி வகைப் பாடசாலையில் பயிலும் கிராமத்துப் பிள்ளைக்குக் கலையும் வர்த்தகமுமே எஞ்சுகின்றன. கலைப்பீட மாணவரில் பெரும்பான்மையினர் பெண்கள். ஊரைவிட்டுத் தூரம் போகாமல், குடும்பப் பொறுப்போடு செய்யக்கூடிய வேலை ஆசிரியத் தொழிலும் செயலக உத்தியோகமும் என்று அவர்கள் கணிப்பதற்குச் சமூகக் காரணங்கள் உள்ளன. அரச வேலை மோகம் என்று நகையாடப்படுவது பெரும்பாலும் இருக்கும் வாய்ப்புகளை நிதானமாக எடைபோட்டதன் விளைவு.

6. ஒரு மறுப்பும் பதிலும்

போட்டிப் பரீட்சையானாலும் வரிசையானாலும் பதவிகளின் எண்ணிக்கை மாறப்போவதில்லை, யார் உள்ளே போவது என்பதே மாறும் என்று மறுக்கலாம். எண்ணிக்கை பற்றிய இவ்வாதம் சரியே. நிர்வாக சேவைப் பரீட்சையில் தெரிவாவோர் என்றும் சிலரே. ஆனால் வெளியே நிற்கும் பலரின் நிலை இரண்டிலும் ஒன்றல்ல. புதிய பிரச்சினையொன்றைப் பகுத்து இரு மொழிகளில் தெளிவாக எழுதும் ஆற்றலைச் சோதிக்கும் பரீட்சைக்கு மூன்று ஆண்டு உழைத்துத் தோற்றவரிடம் அந்த ஆற்றல் எஞ்சுகிறது. அதைக் கொண்டு செய்தித்துறைக்கோ தொண்டு நிறுவனத்துக்கோ வெளிநாட்டுக்கோ அவர் போகலாம். மூன்று ஆண்டு வரிசையில் நின்று தோற்றவரிடம் எஞ்சுவது வயது மட்டுமே. மக்காலே குழுவின் காலனித்துவ நோக்கை நிராகரிக்கும்போதே, தோற்றவரை முன்வைத்து அது எழுப்பிய அளவுகோலை நாம் எடுத்துக்கொள்ளலாம்.

பயிற்சி வகுப்புகள் இத்தகைய பரீட்சையையும் மனனமாக்கிவிடும் என்ற அச்சம் நியாயமானது; டோரின் எச்சரிக்கையும் அதுவே. வினாக்கள் திரும்பத் திரும்ப வரும் இடத்தில்தான் அது நடக்கும். அறியாத ஆவணத்தைத் தந்து அதிலிருந்து எழுதச் சொல்லும் வினாவை மனனத்தால் வெல்வது கடினம்.

7. முடிவுரை

2022 பொருளாதார நெருக்கடி தொகுதி நியமனத்தின் நிதி அடிப்படையைத் தகர்த்தது. அரச ஊழியருக்கு ஊதியமற்ற விடுப்பில் ஐந்து ஆண்டு வரை வெளிநாடு செல்ல அனுமதி தந்த அரசு, புதிதாக ஆயிரக்கணக்கானோரை உள்வாங்கும் நிலையில் அப்போது இருக்கவில்லை. இந்தப் பின்னணியில் கலைப்பீடங்களின் மாணவர் தொகையைக் குறைப்பது பற்றி மட்டும் பேசுவது 1972இன் தவறை வேறு வடிவில் செய்வதாகும். அதன் சுமை 1சி பாடசாலைப் பிள்ளையின் மேலேயே விழும்.

மேற்கண்ட பகுப்பாய்விலிருந்து மூன்று மாற்றங்கள் பெறப்படுகின்றன. பட்டதாரி நியமனம் அனைத்தும் திகதியைக் கைவிட்டு, எழுத்தையும் பகுப்பாய்வையும் சோதிக்கும் திறந்த பரீட்சைக்கு மாற வேண்டும். தனியார்துறை அனுபவம் அதில் தடையாகக் கூடாது. பல்கலைக்கழகப் பரீட்சைகளில் குறிப்பை ஒப்புவிக்கும் வினாக்களின் இடத்தை மூல ஆவணம் சார்ந்த வினாக்கள் பெற வேண்டும். தமிழ்வழியும் சிங்களவழியும் கற்போர் இரண்டாம் தேசிய மொழியிலும் ஆங்கிலத்திலும் தொழில்முறையில் எழுதும் அளவுக்கு நான்கு ஆண்டும் பயிற்றப்பட வேண்டும். முதலாவது நடவாமல் மற்ற இரண்டும் நிலைக்கா. பாடத்திட்டக் குழுக்களில் அமர்ந்திருக்கும் கலைப்பீட அறிஞர்கள் ஆளெடுப்பு விதிகளை வகுக்கும் பொதுச்சேவை ஆணைக்குழுவோடு பேசத் தொடங்குவதே கலைக்கல்விக்கு இன்று அவர்கள் செய்யக்கூடிய முதற் பணி.