ஓர் அணா டிபன் பிறந்த கதை

1920 செப்டம்பர் 16 அன்று சென்னை மாநகராட்சி மன்றம் ஒரு சின்னத் தீர்மானத்தை நிறைவேற்றியது. ஆயிரம் விளக்கில் இருக்கும் மாநகராட்சிப் பள்ளிப் பிள்ளைகளுக்கு டிபன் கொடுக்க வேண்டும். ஒரு பிள்ளைக்கு ஒரு நாளைக்கு ஓர் அணாவுக்கு மேல் செலவு போகக் கூடாது. அவ்வளவுதான். பதினாறு பிள்ளைக்கு ஒரு ரூபாய் என்பது கணக்கு. இன்று இந்தியா முழுக்கப் பள்ளிக்கூடங்களில் மத்தியானம் தட்டில் விழும் சோற்றின் கதையைத் தேடிப் போனால், இந்த ஓர் அணாவில் போய் நிற்கலாம்.

தீர்மானத்துக்குக் காரணமானவர் மன்றத் தலைவர் பிட்டி தியாகராயர். இன்றைய மேயர் நாற்காலிதான் அது. நடுவில் வழக்கொழிந்திருந்த மேயர் பட்டம் சென்னைக்கு 1933இல்தான் திரும்பி வந்தது. பல்லாண்டுகள் மன்ற உறுப்பினராக இருந்து தலைவரானவர் அவர். நீதிக்கட்சியை நிறுவிய மூவரில் ஒருவர். அதே 1920இல் சென்னை மாகாணத் தேர்தலில் கட்சி வென்றபோது தேடி வந்த முதலமைச்சர் பதவியை ஏற்காமல், நகராட்சி வேலையிலேயே நின்றுவிட்டார்.

மன்றத்தில் அவர் சொன்ன காரணம் எளிமையானது. அந்தப் பள்ளிப் பையன்கள் ஏழைகள். அதனால் பள்ளியில் சேர்கிறவர்களின் எண்ணிக்கை வெகுவாகக் குறைகிறது. பள்ளி இருந்தது, வாத்தியார் இருந்தார். ஆனாலும் பிள்ளை வரவில்லை. பெற்றோருக்குப் படிப்பின் அருமை தெரியவில்லை என்று குறைசொல்லிவிட்டுப் போவது எந்தக் காலத்திலும் சுலபம். தியாகராயர் அந்தப் பேச்சுக்கே போகவில்லை. பிள்ளையின் வறுமையைத்தான் காரணமாகச் சொன்னார்.

அவர் வசதியான வணிகர். தன் கைக்காசைப் போட்டு ஒரு வருஷம் அந்தப் பள்ளிக்குச் சாப்பாடு போட்டிருக்கலாம், ஊர் வாழ்த்தியிருக்கும். அவர் செய்தது வேறு. விஷயத்தை மன்றத்துக்குக் கொண்டுபோய், ஓட்டெடுத்து, மாநகராட்சிக் கணக்கில் ஒரு செலவாக எழுத வைத்தார். இந்தக் கதையின் உயிர் எனக்கு அங்கேதான் இருக்கிறது. கைக்காசில் போட்டிருந்தால் அது தானம். தீர்மானமாக எழுதிய பிறகு அது பிள்ளைக்கு ஊர் தர வேண்டிய பாக்கி.

டிபன் பிறகு இன்னும் நான்கு பள்ளிகளுக்குப் போனது. 1922-23இல் 811ஆக இருந்த மாணவர் எண்ணிக்கை 1924-25இல் 1,671 ஆனது. இரண்டே வருஷத்தில் இரண்டு மடங்கு.

பிறகு அடி விழுந்தது. தொடக்கக் கல்வி நிதியிலிருந்து மதிய உணவுக்குச் செலவு செய்யக் கூடாது என்று அரசாங்கம் சொல்ல, 1925 ஏப்ரல் 1 முதல் டிபன் நின்றது. பிள்ளைகளுக்குச் சோறு போடுவது தவறு என்று யாரும் சொல்லவில்லை. செலவை எந்தத் தலைப்பில் எழுதுவது என்பதுதான் தகராறு. அதே 1925இல் தியாகராயரும் மறைந்தார். இரண்டு ஆண்டு கழித்து, 25 பள்ளிகளில் குறைந்தது ஆயிரம் ஏழைப் பிள்ளைகளுக்காவது மறுபடி கொடுக்க வேண்டும் என்று மாநகராட்சி முயன்றது. ஆரம்பித்தவர் போன பிறகும் கேட்பதற்கு ஆள் இருந்தது. காரணம், மன்றத்தின் பதிவேட்டில் அந்தத் தீர்மானம் இருந்தது.

மீதிக் கதை தமிழ்நாட்டில் எல்லோரும் அறிந்தது. 1956இல் காமராசர் ஆட்சியில், கல்வி இயக்குநர் நெ.து. சுந்தரவடிவேலுவின் உழைப்பில், ஊர்மக்கள் கொடுத்த அரிசியும் பருப்புமாகத் தொடங்கி, அரசின் பங்கும் சேர்ந்து மாநிலத் திட்டமானது. 1982 ஜூலை 1இல் எம்.ஜி.ஆர். அதைச் சத்துணவாக விரித்தார். 2001 நவம்பர் 28இல் உச்ச நீதிமன்றம், எல்லா மாநிலங்களும் அரசுத் தொடக்கப் பள்ளிகளிலும் அரசு உதவிபெறும் தொடக்கப் பள்ளிகளிலும் சமைத்த உணவு தர வேண்டும் என்று உத்தரவிட்டது. கர்நாடகத்தில் ‘அக்ஷர தாசோஹா’ 2002இல் வடகிழக்கு மாவட்டங்களில் ஆரம்பித்து மற்ற மாவட்டங்களுக்கும் வந்தது. அதற்கு முன்பே, 2000இல், பெங்களூரில் ஐந்து பள்ளிகளில் 1,500 பிள்ளைகளோடு அட்சய பாத்திரம் அறக்கட்டளை வேலையைத் தொடங்கியிருந்தது.

அப்படித்தான் அந்த ஓர் அணா பெங்களூரின் வைட்ஃபீல்டுக்கும் வந்து சேர்ந்தது. பட்டந்தூர் அக்ரஹாராவின் கண்ணாடிக் கட்டடங்களுக்குக் கூப்பிடு தூரத்தில் தகரக் கொட்டகைகள் இருக்கின்றன. தர்மபுரியிலிருந்தும் கிருஷ்ணகிரியிலிருந்தும், ராய்ச்சூர், கலபுரகியிலிருந்தும் வந்த கட்டட வேலைக்காரர்கள் அவற்றில் குடியிருக்கிறார்கள். அவர்களின் பிள்ளைகள் அரசுப் பள்ளியில் தட்டோடு வரிசையில் நிற்கிறார்கள். எவர்சில்வர் டிரம்மின் மூடியைத் திறந்ததும் ஆவி முகத்தில் அடிக்கும். சாம்பாரில் கிடக்கும் கேரட்டை ஒதுக்கிவைக்கும் பையனை ஆயா கன்னடத்தில் அதட்ட, அவன் தமிழில் முனகிக்கொண்டே தின்றுவிடுகிறான்.

வைட்ஃபீல்ட் ஒரு சங்கத்தின் முயற்சியால் பிறந்த ஊர். 1882இல் மைசூர் மகாராஜா சாமராஜேந்திர உடையார் கொடுத்த நிலத்தில், டேவிட் ஒயிட் என்பவரின் தலைமையிலிருந்த ஆங்கிலோ இந்தியர் சங்கம் தன் மக்களுக்காக உண்டாக்கிய குடியிருப்பு இது. இன்றும் இங்கே கொடுக்கும் கைகளுக்குக் குறைவில்லை. 2013ஆம் ஆண்டு கம்பெனிச் சட்டப்படி பெரிய நிறுவனங்கள் மூன்று வருஷ சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். அந்தப் பணத்தில் பள்ளிகளுக்குச் சுண்ணாம்பு அடிக்கிறார்கள், கழிப்பறை கட்டுகிறார்கள், பெஞ்சு வாங்கித் தருகிறார்கள். நல்ல காரியங்கள்தான். ஆனால் அடுத்த வருஷம் நிறுவனம் வேறு பள்ளியைத் தேர்ந்தெடுத்துவிட்டால், கழிப்பறையைக் கழுவ ஆள் இருக்காது.

நிறுவனங்கள் மட்டுமல்ல, மேயர்களும் இப்படி ஒரு வருஷக் கணக்கில் கொடுப்பதுண்டு. இங்கிலாந்தின் ஊர்களில் ஒரு பழக்கம் உண்டு. ஓராண்டு மேயராக வருகிறவர் இரண்டு மூன்று அறக்கட்டளைகளைத் தேர்ந்தெடுத்து, அந்த வருஷம் முழுக்க விருந்து, நடைப்பயணம், கச்சேரி என்று நடத்தி அவற்றுக்கு நிதி திரட்டித் தருவார். பெங்களூர் மேயரின் பதவிக்காலமும் நெடுநாள் ஓராண்டாகத்தான் இருந்தது. 2015 முதல் 2020 வரையிலான ஒரே மன்றத்தில் ஐந்து மேயர்கள் வந்து போனார்கள். மகாதேவபுரா நகரசபையோடு 2007இல் பெங்களூர் மாநகராட்சிக்குள் வந்த வைட்ஃபீல்ட், 2020 செப்டம்பரில் அந்த மன்றம் முடிந்தபின் பல வருஷம் மேயர் இல்லாமல் இருந்தது. 2025 செப்டம்பர் 2 முதல் அது பெங்களூரு கிழக்கு மாநகராட்சியின் பகுதி. புதிய சட்டத்தில் மேயரின் காலம் 30 மாதம்.

நிலைத்து நிற்கும் ஒரு காரியத்தைத் தொடங்க முப்பது மாதம் போதுமா என்று கேட்டால், போதும் என்பேன். டிபனும் ஆயிரம் விளக்கின் ஒரே ஒரு பள்ளியில்தான் தொடங்கியது. கிழக்கு மாநகராட்சியின் மேயர் நிதி திரட்டி நாலு இடத்துக்குக் காசோலை கொடுப்பதை விட, ஒரே ஒரு காரியத்தை எடுத்து பட்ஜெட்டில் ஒரு வரியாக்கினால் போதும். எந்தக் காரியம் என்றால், கட்டட வேலைக்குப் போகும் தாய்மார்களின் கைக்குழந்தைகளுக்கான காப்பகத்தைச் சொல்வேன். ஐம்பது பெண்களுக்கு மேல் வேலை செய்யும் கட்டுமான இடத்தில் காப்பகம் இருக்க வேண்டும் என்று 1996ஆம் ஆண்டுச் சட்டமே சொல்லியிருந்தது. அவ்வளவு பெண்கள் வேலை செய்யாத இடங்களில் மணல் குவியலுக்குப் பக்கத்தில் தூளி கட்டித் தூங்கும் குழந்தைகளுக்கு மாநகராட்சிதான் பொறுப்பேற்க வேண்டும். முதலில் ஒரு வார்டில் தொடங்கட்டும்.

வைட்ஃபீல்டில் இருக்கும் தமிழர்கள் இதைச் சும்மா படித்துவிட்டு விடக் கூடாது. உங்கள் வார்டு கமிட்டி கூட்டத்துக்குப் போங்கள். எந்த நல்ல காரியத்தை யார் அறிவித்தாலும் கைதட்டுங்கள். தட்டிவிட்டு, இந்தச் செலவு அடுத்த வருஷ பட்ஜெட்டில் எந்தத் தலைப்பில் இருக்கிறது என்று எழுந்து கேளுங்கள்.