மௌனமும் விளக்கமும்: ‘2001’, ‘2010’ ஆகிய திரைப்படங்கள் பற்றிய கருத்து வேறுபாடுகள்

கலைப்படைப்பு ஒன்றின் தரத்தைக் காலமே தீர்மானிக்கும் என்பது விமர்சன உலகில் அடிக்கடி எடுத்தாளப்படும் கூற்றாகும். எனினும், காலம் தானாக எதனையும் தீர்மானிப்பதில்லை. தாம் முன்னர் கூறியதை மீளாய்வு செய்யத் துணிந்தவர்களும், முன்னவர் காணாததைக் காணும் புதிய தலைமுறையினருமே பழைய தீர்ப்புகளை மாற்றுகின்றனர். இவ்வுண்மையைத் தெளிவாக எடுத்துக்காட்டும் வரலாறு இரண்டு விஞ்ஞானப் புனைகதைத் திரைப்படங்களுக்கு உண்டு. ஒன்று, ஸ்ரான்லி குப்ரிக்கின் நெறியாள்கையில் 1968இல் வெளிவந்த ‘2001: ஏ ஸ்பேஸ் ஒடிசி’. மற்றையது, அதன் தொடர்ச்சியாகப் பீற்றர் ஹயம்ஸ் 1984இல் அளித்த ‘2010: த இயர் வீ மேக் கொன்ராக்ட்’. முன்னது மந்தகதியுடையதென இகழப்பட்டுப் பின்னர் உலகின் தலைசிறந்த படங்களுள் ஒன்றாகப் போற்றப்பட்டது. பின்னது வெளிவந்த காலத்தில் ஓரளவு வரவேற்கப்பட்டுப் பின்னர் முன்னதன் நிழலில் ஒதுங்கியது. இவ்வேறுபாட்டுக்கான காரணங்கள் ஆராயத்தக்கவை.

இரு படங்களுக்கும் பொதுவான கதாசிரியர் ஆதர் சி. கிளாக் ஆவார். இங்கிலாந்திற் பிறந்து 1956இல் இலங்கையிற் குடியேறிய அவர், 2008இல் கொழும்பிற் காலமாகும்வரை இந்நாட்டையே தமது இல்லமாகக் கொண்டிருந்தார். 1979 முதல் 2002 வரை மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தின் வேந்தராகவும் விளங்கினார். 1964இல் குப்ரிக்கும் கிளாக்கும் நியூயோர்க்கிற் சந்தித்தனர். வேற்றுலக அறிவுயிர்கள் சந்திரனில் விட்டுச்சென்ற பொருளொன்றை மனிதர் கண்டெடுப்பதைக் கருவாகக் கொண்டு கிளாக் முன்னரே எழுதியிருந்த ‘த சென்ரினல்’ என்னும் சிறுகதை அவர்களின் கூட்டு முயற்சிக்கு வித்தாயிற்று. திரைக்கதையும் நாவலும் சமகாலத்தில் உருவாக்கப்பட்டன. 1968 ஏப்ரலில் திரைப்படமும், அதன்பின் சில மாதங்களில் நாவலும் வெளிவந்தன.

‘2001’ இன் கதையைச் சில வாக்கியங்களிற் கூறிவிடலாம். ஆதிகால வானரக் கூட்டமொன்றின் முன் கரிய கற்பலகையொன்று தோன்றுகின்றது. அதன்பின் அவற்றுள் ஒன்று எலும்பை ஆயுதமாகப் பயன்படுத்தக் கற்றுக்கொள்கின்றது. பல்லாயிரம் தலைமுறைகளுக்குப் பின்னர், சந்திரனிற் புதையுண்டு கிடந்த அத்தகைய பலகையொன்று வியாழனை நோக்கிச் சமிக்ஞை அனுப்புகின்றது. அங்கு செல்லும் விண்கலத்தில், ஹால் என்னும் பேசுங் கணினி பயணிகளைக் கொல்கின்றது. எஞ்சிய போமன் அக்கணினியைச் செயலிழக்கச் செய்து, வியாழனுக்கு அப்பால் விளங்காத வெளியொன்றினூடாகச் சென்று, தனியறையொன்றில் மூப்படைந்து, விண்வெளியில் மிதக்கும் குழந்தையாக மறுபிறப்பெய்துகின்றான். பலகையை வைத்தவர் யாவர், ஹால் ஏன் பிழைத்தது, அக்குழந்தை யாது என்னும் வினாக்களுக்குப் படம் விடை கூறுவதில்லை.

இம்மௌனம் தொடக்கத்திலேயே திட்டமிடப்பட்டதொன்றன்று என்பது மனங்கொள்ளத்தக்கது. பின்னணியிற் குரலொன்று கதையை விளக்கிச் செல்லுமாறும், விஞ்ஞானிகள் வேற்றுலக உயிர் பற்றி உரைக்கும் செவ்விகள் முகப்பில் இடம்பெறுமாறும் முதலில் எண்ணப்பட்டிருந்தது. செவ்விகள் படமாக்கப்பட்டும் விட்டன. இறுதிக் கட்டத்தில் குப்ரிக் இவையனைத்தையும் நீக்கினார். நீக்கப்பட்ட விளக்கங்களுக்கு ஈடானவை கிளாக்கின் நாவலில் இடம்பெற்றன. பலகையின் நோக்கத்தையும், அதனை அனுப்பியவர்களின் இயல்பையும், கணினியின் நிலைகுலைவையும் நாவல் ஐயத்துக்கிடமின்றி எடுத்துரைக்கின்றது. ஆகவே, ஒரே கதை ஒருவர் கையில் மௌனமாகவும் மற்றவர் கையில் விளக்கமாகவும் உருப்பெற்றது. பின்னர் விமர்சகரிடையே எழுந்த பிணக்கு, முதலிற் படைப்பாளிகளின் முறைகளிடையே நிலவிய வேறுபாடாகவே இருந்ததெனலாம்.

மந்தகதி என்னும் குற்றச்சாட்டு ஆதாரமற்றதன்று. படம் தொடங்கி ஏறத்தாழ 25 நிமிடங்கள் கழிந்த பின்னரே முதற் சொல் பேசப்படுகின்றது. இறுதி 20 நிமிடங்களுக்கு மேல் உரையாடலே இல்லை. விண்கலமொன்று சுழலும் விண்வெளி நிலையத்தை அணுகுவது, யொஹான் ஸ்ட்ராஸின் வோல்ஸ் இசை முழங்க, அவசரமின்றிக் காட்டப்படுகின்றது. காற்றில்லா வெளியில் ஓசை பரவாது என்னும் பௌதிக உண்மையைப் பேணி, கலத்துக்கு வெளியே நிகழும் காட்சிகளில் மூச்சொலி மாத்திரமே கேட்கின்றது. பிற விண்வெளிப் படங்கள் வெடியோசையால் நிரப்பும் இடத்தை இப்படம் வெறுமையாக விட்டுவைத்தது. எனினும், வானரம் வானில் எறிந்த எலும்பு மறுகணமே விண்கலமாக மாறும் புகழ்பெற்ற வெட்டு, இலட்சக்கணக்கான ஆண்டுகளை ஒரு நொடியிற் கடந்து செல்கின்றது. மந்தமெனப்படும் இப்படத்திலேயே சினிமா வரலாற்றின் மிக விரைவான தாவலும் உள்ளது. எனவே, வேகத்தைக் கையாளத் தெரியாமையால் இம்மந்தகதி நேரவில்லை. எதனை விரைந்து கடப்பது, எதனிடத்துத் தங்கி நிற்பது என்னும் தெரிவே இதன் அடிப்படையாகும்.

1968 ஏப்ரல் 2ஆம் திகதி வாஷிங்ரனிலும், மறுநாள் நியூயோர்க்கிலும் படம் திரையிடப்பட்டபோது பார்வையாளர் பலர் இடைநடுவே எழுந்து சென்றனர். இதன்பின் குப்ரிக் ஏறத்தாழ 19 நிமிடக் காட்சிகளை வெட்டினார். மந்தகதி பற்றிய முறைப்பாட்டை நெறியாளரே ஓரளவு ஏற்றுக்கொண்டார் என்பதற்கு இது சான்றாகும். நியூயோர்க் விமர்சகர் பலரும் கடுமையாக எழுதினர். ‘த நியூயோர்க் ரைம்ஸ்’ பத்திரிகையில் றெனாற்றா அட்லர், மனத்தை மயக்குதலுக்கும் பெருஞ்சலிப்புக்கும் இடைப்பட்ட ஒன்றாகப் படத்தைக் கணித்தார். போலின் கேல் 1969இல் ‘ஹார்ப்பர்ஸ்’ சஞ்சிகையில், பிரமாண்டமான தோற்றத்தின் பின்னே கற்பனை வறுமையே உள்ளதெனச் சாடினார். மறுபுறம், ‘த நியூயோர்க்கர்’ சஞ்சிகையிற் பெனெலொப்பி கிலியற்றும், ‘சிக்காகோ சன் ரைம்ஸ்’ பத்திரிகையில் இளைஞரான றொஜர் ஈபேர்ட்டும் தொடக்கத்திலேயே இதன் பெருமையை உணர்ந்தெழுதினர்.

வரலாற்று நோக்கில் இவற்றினும் முக்கியமானவை, மாறிய கருத்துகளாகும். ‘நியூஸ்டே’ பத்திரிகையின் ஜோசப் கெல்மிஸ் முதலிற் படத்தைக் குறைகூறினார். சில வாரங்களுக்குள் மீண்டும் பார்த்து, முன்னைய கருத்தைக் கைவிட்டுப் பாராட்டி இரண்டாவது விமர்சனம் எழுதினார். அன்றூ சாரிஸ் 1970இல் தமது எதிர்ப்பைப் பெருமளவு தளர்த்திக்கொண்டார். போலின் கேலோ தமது நிலையினின்று அசையவில்லை. இதற்கிடையில் இளைஞர் திரையரங்குகளை நிறைத்தனர். 1968 டிசம்பரில் அப்பலோ 8 சந்திரனைச் சுற்றிவந்து, கரிய வெளியில் தனித்து மிதக்கும் பூமியின் படத்தைக் கொணர்ந்தது. அதற்குப் பின்னர் இப்படத்தைக் கண்டவர்கள், ஏப்ரலிற் கண்டவர்களின் கண்களால் அதனைக் கண்டிருக்க இயலாது. கதை எங்கே என வினவியவர்களின் இடத்தை, அனுபவம் யாது என வினவியவர்கள் நிரப்பினர்.

பிற்காலத்தில் நிறுவனங்களும் இம்மதிப்பீட்டை உறுதிப்படுத்தின. 1991இல் அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தின் தேசியத் திரைப்படப் பதிவேட்டில் ‘2001’ சேர்க்கப்பட்டது. பிரித்தானியாவின் ‘சைற் அன்ட் சவுண்ட்’ சஞ்சிகை பத்தாண்டுக்கொருமுறை நடத்தும் கணிப்பில், 2022இல் நெறியாளர்கள் இதனையே முதலிடத்துக்குத் தெரிந்தனர். ஆயினும், எதிர்ப்பு அனைத்தும் அறியாமையின்பாற்பட்டதெனக் கொள்வது தவறாகும். சோவியத் நெறியாளர் அந்திரே தார்க்கோவ்ஸ்கி மந்தகதிப் படங்களுக்கே பேர்போனவர். அவரும் ‘2001’ ஐ உயிரற்ற குளிர்ச்சியுடையதெனக் குறைகண்டார். 1972இல் வெளிவந்த அவரது ‘சொலாரிஸ்’ என்னும் படத்தில் விண்வெளி நிலையம் மனச்சாட்சியின் துயருக்கான களமாகின்றது. கருவிகளின் அழகில் மனிதன் மறைந்துவிடுகிறானா என்னும் அவரது ஐயம் இன்றும் வலுவிழக்காதது.

இப்பின்னணியிலேயே தொடர்படம் தோன்றிற்று. 1982இற் கிளாக் ‘2010: ஒடிசி டூ’ என்னும் நாவலை வெளியிட்டார். அதனைத் திரைப்படமாக்கப் பீற்றர் ஹயம்ஸ் முன்வந்தார். கொழும்பிலிருந்த கிளாக்கும் லொஸ் ஏஞ்சல்ஸிலிருந்த ஹயம்ஸும் தொலைபேசி வழியே இணைக்கப்பட்ட கணினிகள் மூலம் நாள்தோறும் கருத்துப் பரிமாறினர். அக்கடிதங்கள் பின்னர் நூலாகவும் வெளிவந்தன. முதற் படத்தின் மாதிரிகளும் வரைபடங்களும் அழிக்கப்பட்டிருந்தமையால், அப்படத்தின் காட்சிகளைப் பார்த்தே விண்கலம் மீள உருவாக்கப்பட்டது. இச்செய்தி தொடர்படத்தின் நிலைமைக்கே ஒரு குறியீடு போல அமைகின்றது.

‘2010’ இல் அமெரிக்கரும் சோவியத் நாட்டினரும் லியோனொவ் என்னும் சோவியத் கலத்தில் ஒன்றாக வியாழனுக்குச் செல்கின்றனர். பூமியில் அவ்விரு நாடுகளும் போரின் விளிம்பில் நிற்கின்றன. நாவலில் இல்லாத இப்போர்ப் பதற்றத்தை ஹயம்ஸே சேர்த்தார். அணுவாயுதப் போட்டி உச்சமடைந்திருந்த 1984இல் அது வெறும் அலங்காரமன்று. உரையாடல் மிகுந்த இப்படம் முதற் படத்தின் புதிர்களை ஒவ்வொன்றாக அவிழ்க்கின்றது. செய்திகளைத் திரிபின்றித் தருமாறு அமைக்கப்பட்ட ஹால், பயணத்தின் உண்மை நோக்கத்தை மறைக்குமாறும் பணிக்கப்பட்டது. அம்முரண்பாடே அதனைக் குலைத்தது. பொய் கூறுமாறு கட்டளையிட்ட மனிதரே குற்றவாளிகள் என்பது இவ்விளக்கத்தினாற் பெறப்படுகின்றது. இறுதியில் வியாழன் இன்னொரு சூரியனாகின்றது. அதனைக் கண்டு பூமியிற் போர் தவிர்க்கப்படுகின்றது.

படம் 1985இல் விஞ்ஞானப் புனைகதைக்கான ஹியூகோ விருதைப் பெற்றது. முதற் படமும் 1969இல் அதே விருதைப் பெற்றிருந்தது. முன்னதைப் போற்றிய ஈபேர்ட், கவித்துவத்தில் ‘2010’ அதற்கு ஈடாகாதெனக் கூறியபோதும், தன்னளவில் அது நல்ல படமே என ஏற்றார். வேறு சிலர், புதிருக்கு விடை கூறியதே முதற் படத்துக்கிழைத்த தீங்கென்றனர். முதற் படத்தில் விளங்காது தவித்த பார்வையாளர் பலருக்கோ இப்படம் ஆறுதலளித்தது.

விளக்கத்தில் ஆர்வங்காட்டிய இப்படம், தமிழ் வாசகர் கவனிக்கத்தக்க ஒன்றைக் கைவிட்டது. ஹாலை உருவாக்கிய கலாநிதி சந்திராவின் முழுப்பெயர், கிளாக்கின் 1982ஆம் ஆண்டு நாவலிற் சிவசுப்பிரமணியன் சந்திரசேகரம்பிள்ளை ஆகும். இலங்கையில் வாழ்ந்த எழுத்தாளர் எதிர்கால விஞ்ஞானத்தின் மையத்திலே தமிழ்ப் பெயரொன்றை நிறுத்தினார். திரையிலோ அப்பாத்திரத்தை அமெரிக்க நடிகர் பொப் பலபான் ஏற்றார். சந்திரா என்னும் பெயர் மாத்திரம் எஞ்சியது. ஹாலிடம் உண்மையைக் கூறி, அதன் அழிவை அதன் சம்மதத்துடனேயே ஏற்கச் செய்யும் இப்பாத்திரத்தின் காட்சி படத்தின் மிக உருக்கமான பகுதியாகையால், இவ்விழப்பு மேலும் உறுத்துகின்றது.

இரு படங்களும் எதிர்காலத்தைக் கணித்ததிற் பிழைத்துள்ளன. ‘2001’ இல் விண்வெளிக்குப் பயணிகளை ஏற்றிச்செல்லும் பான் அம் நிறுவனம் 1991இல் மூடப்பட்டது. ‘2010’ இற் காணப்படும் சோவியத் ஒன்றியமும் அதே ஆண்டிற் கலைந்தது. முதற் படத்தை இப்பிழை பாதிக்கவில்லை. அதன் மையம் அந்நிறுவனத்திலோ அவ்வாண்டிலோ தங்கியிருக்கவில்லை. தொடர்படமோ தன் காலத்துப் பூசலிலேயே தன் பொருளை நாட்டியது. அக்காலம் கடந்ததும் அதன் அவசரம் தணிந்தது. இதனை அதன் குறையெனக் கூறுவோர், தன் காலத்தின் பேரச்சத்துக்கு நேராக முகங்கொடுத்த துணிவையும் கணக்கிற் கொள்ளல் வேண்டும். ‘2001’ அத்தகைய நேரடிப் பேச்சைத் தவிர்த்தது.

முதற் பார்வையிலேயே முழுவதும் விளங்கிவிடுமாயின் தமது நோக்கம் தோற்றதாகும் என்னுங் கருத்தைக் கிளாக்கே ‘2001’ பற்றி வெளியிட்டதுண்டு. கெல்மிஸையும் சாரிஸையும் மீண்டும் திரையரங்குக்கு அழைத்தது, அப்படத்தில் நிறைவுபெறாதிருந்த பகுதியேயாகும். தொடர்படம் நிறைவு செய்து அனுப்பிவிடுவதால், மீண்டும் வருமாறு எவரையும் அது வற்புறுத்துவதில்லை. இரண்டின் வேறுபட்ட விதிக்கும் இதுவே முதற்காரணமெனத் துணியலாம்.

இதிலிருந்து விளங்காமையே ஆழமென்றோ, தெளிவு ஆழமின்மையின் அடையாளமென்றோ முடிவு கொள்ளுதல் பொருந்தாது. ஹாலின் குற்றத்தை மனிதரின் பொய்யோடு இணைத்துக் காட்டிய தொடர்படத்தின் விளக்கம், முதற் படத்தை வறிதாக்காமல் அதற்கு அறப்பொருளொன்றை அளித்தது. அவ்வாறே, ‘2001’ இன்று பட்டியல்களின் உச்சியில் இருப்பதால் அதனைச் சலிப்பூட்டுவதெனக் கருதுபவர் வாய்மூடவேண்டியவருமல்லர். 1968இல் ஏளனத்தைப் பொருட்படுத்தாது பாராட்டியவருக்கிருந்த உரிமை, இன்று புகழைப் பொருட்படுத்தாது மறுப்பவருக்கும் உண்டு. ஆயின், அவ்வுரிமையோடு ஒரு கடமையும் சேர்ந்துள்ளது. ஒருமுறை கண்டு கூறிய தீர்ப்பை இன்னொருமுறை கண்டு சரிபார்த்தலே அக்கடமையாகும். விமர்சனத்தின் நேர்மை தங்கியிருப்பதும் அதிலேயேயாம்.